பதில் வராத குரூப்பைத் தேடி எம். புதுப்பட்டிக்கு

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு மின்னணு நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவு. தங்கியிருப்பது ஒற்றை அறை. வார விடுமுறையில் துணி துவைத்து, சமைத்து, தூங்கி எழுந்தால் சாயங்காலம் ஆகிவிடும். கடைக்காரரிடம் ஒரு தயிர் பாக்கெட் கேட்டதைத் தவிர அன்றைக்கு யாரோடும் பேசியிருக்க மாட்டேன். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. இந்தப் பயணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு காரணம் என்னிடம் இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் போனில் இடம் இல்லை என்று வந்தது. பழைய வாட்ஸ்அப் குரூப்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தபோது 'புதுப்பட்டி நாலு பேர்' வந்து நின்றது. நான், மாரிச்செல்வி, ஜெயா, பேச்சியம்மாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா நர்சாக இருந்த ஐந்து வருடங்கள் அவை. பத்தாவது முடிந்ததும் அம்மாவுக்குத் திருவண்ணாமலைக்கு மாறுதல் வந்தது. அதன் பிறகு நான் அந்த ஊருக்குப் போகவே இல்லை.

குரூப்பில் கடைசியாக இருந்தது என்னுடைய செய்திதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளி அன்று, கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் படம். கீழே 'நம்ம ஊர்ச் சரக்கு' என்று எழுதியிருக்கிறேன். மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. அதற்கு முன்னால் தினம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தவர்கள், அதோடு சரி. இரண்டு மூன்று மாதம் எதிர்பார்த்தேன். பிறகு, அவரவர்க்குக் கல்யாணம், வேலை, என்னை மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். குரூப்பை அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. செப்டம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். மாரிச்செல்வியின் பழைய எண்ணுக்கு நாலைந்து தடவை, எனக்கு இடைவேளை கிடைக்கும் பகல் நேரத்தில் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

இனி பயணம். மைசூரு–தூத்துக்குடி ரயில் இரவு பத்தரை மணி வாக்கில் ஓசூர் வருகிறது. படுக்கை வசதிக்கு 330 ரூபாய் ஆனது. விருதுநகரில் காலை எட்டே காலுக்கு இறங்கினேன், இருபது நிமிடம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து பழைய பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான், பையில் அதிக கனம் இல்லையென்றால் ஆட்டோ வேண்டாம். விருதுநகர் என்றாலே எல்லோரும் எண்ணெயில் பொரித்த புரோட்டாவைச் சொல்வார்கள். அது சாயங்காலச் சமாச்சாரம். காலையில் போனால் இட்லிதான். நான்கு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து 75 ரூபாய். சட்னியில் காரம் தாராளம், வெளியூர்க்காரர்கள் முதலில் கொஞ்சமாகத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

விருதுநகர்–சிவகாசி 27 கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக ஐம்பது நிமிடம். சிவகாசியில் இறங்கி, எம். புதுப்பட்டி போகும் டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "புதுப்பட்டில யாரு வீட்டுக்குப் போறீக?" என்று கேட்டார்.

"ஃப்ரெண்டு வீட்டுக்குண்ணே. முன்னாடி அங்கதான் படிச்சேன்."

"இன்னிக்கு வேல நாளு. வீட்டுல யாரும் இருக்க மாட்டாகளே. போன் பண்ணிச் சொல்லிட்டீகளா?"

எடுக்கவில்லை என்றேன். "எப்படி எடுப்பாக" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை.

சிவகாசியிலிருந்து புதுப்பட்டி சுமார் 12 கிலோமீட்டர், அரை மணி நேரம். இரண்டு பக்கமும் கரிசல், வேலிக்கருவை, இடையிடையே வேலி போட்ட பட்டாசு ஃபேக்டரிகள். உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள் தெரியும். இந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்க நினைப்பார்கள். வேண்டாம். வாட்ச்மேன் வந்து கேள்வி கேட்பார், நியாயமும் அவர் பக்கம்தான்.

ஊரில் இறங்கியபோது மணி பதினொன்றரை. பள்ளிக்கூடம் சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. கேட் வழியாகப் பார்த்தேன். புதிதாக ஒரு கட்டடம் வந்திருக்கிறது, எங்கள் வகுப்பறை இருந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்க் கடையில் தொங்கிய நோட்டுகளைப் பார்த்ததும் ஜெயாவின் அம்மா முத்தம்மாவின் ஞாபகம் வந்தது. வெடிப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களில் அச்சு பிசகிப்போன தாள்களை அவர் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவருவார். எங்கள் நாலு பேர் நோட்டுகளுக்கும் அதுதான் அட்டை. என் கணக்கு நோட்டில் இரண்டு தலையோடு ஒரு மயில் இருந்தது.

அம்மாவுக்கு இரவுப் பணி வரும் நாட்களில் நான் முத்தம்மா வீட்டில்தான் படுப்பேன். மாதத்தில் எட்டு, பத்து நாள் வரும். எனக்கும் ஜெயாவுக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு, சீனியவரை வத்தலை மேலே வைப்பார். காலையில் ஃபேக்டரி வேன் வருவதற்குள் இரண்டு பேருக்கும் தலை சீவி ரெட்டைச் சடை போட்டுவிடுவார். என் சடையை மட்டும் இறுக்கிப் பின்னுவார். நர்சம்மா குறை சொல்லக்கூடாதாம்.

மாரிச்செல்வி வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கல்யாணம் ஆகியும் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளுடைய அம்மா காளியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்திருந்ததால் வேலைக்குப் போகவில்லை. என்னை நேராகப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன்.

"நர்சம்மா மகளா? வா தாயி, உள்ள வா. அம்மா நல்லா இருக்காகளா?"

தண்ணீர் கொடுத்தார். செல்வி எங்கே என்றேன்.

"வேலைக்குப் போயிருக்கா. அஞ்சரைக்குத்தான் வேன் கொண்டாந்து விடும். போனு இந்தா கெடக்கு பாரு. ஃபேக்டரிக்குள்ள போனு கொண்டுபோக விட மாட்டாக."

டிவிக்குப் பக்கத்தில் போன் இருந்தது. தவறிய அழைப்புகளில் என் எண், பெயர் இல்லாமல். கண்டக்டர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. இதுவரை பேசாததற்கெல்லாம் இதுதான் காரணம் போலிருக்கிறது என்று மனசு லேசாகக்கூட ஆனது.

சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டே காளியம்மாள் கேட்டார். "செயாவப் பாத்துட்டுத்தான் வாரியா?"

"இல்லம்மா. அவ இதே தெருவுலதான இருக்கா?"

"அவுக திருத்தங்கல் போயி வருசம் ரெண்டாச்சே. முத்தம்மா போன பொறவு அவுக அப்பா இங்கன இருக்க முடியலன்னுட்டாரு. நீ எழவுக்கு வரலையேன்னு நானே நெனச்சேன். தூரந்தொலவுல இருக்க, எப்படி வருவன்னு விட்டுட்டேன்."

நான் கையை எடுத்துவிட்டேன். "முத்தம்மா அத்தைக்கு என்ன ஆச்சு?"

காளியம்மாள் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "ஒனக்குத் தெரியாதா தாயி? வேல பாத்த ரூமு வெடிச்சுருச்சு. தீவாளிக்கு நாலு நாளு கெடக்கும்போது. நம்ம தெருவுலயே ரெண்டு பேரு."

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. நான் மத்தாப்புப் படம் போட்டது தீபாவளி அன்று. சாப்பாட்டை முடிக்கச் சொல்லி அவர் வற்புறுத்தினார், முடித்தேன். பிறகு தலைவலி என்று சொல்லிப் படுத்தேன்.

அங்கே படுத்திருந்தபோது ஞாபகம் வந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தச் செய்தியை நான் பார்த்திருந்தேன். ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், போனில். 'சிவகாசி அருகே பட்டாசு ஆலையில்' என்று தலைப்பு. வருடத்துக்குச் சில தடவை வருகிற தலைப்புதான். திறக்காமல் மேலே தள்ளிவிட்டேன். நான்கு நாள் கழித்து 'நம்ம ஊர்' என்று எழுதிப் படம் போட்டேன். படுத்தபடியே அம்மாவுக்குப் போன் செய்து முத்தம்மா அத்தை இறந்ததைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று அம்மா கேட்டார். பிறகு, "செயா புள்ள எங்க இருக்கா? போய்ப் பாரு" என்றார்.

ஐந்தே முக்காலுக்கு வேன் வந்தது. மாரிச்செல்வி பூச்சட்டியில், அதாவது புஸ்வாணத்தில், மருந்து அடைக்கும் பிரிவில் இருக்கிறாள். முழங்கை வரைக்கும், கழுத்திலும், இமையிலும் வெள்ளிப் பொடி. என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். கையை நீட்டப் போனேன். ஓரடி பின்னால் போய், "தொடாத புள்ள, ஒட்டிக்கிரும். இரு, குளிச்சுட்டு வாரேன்" என்று பின்பக்கம் போய்விட்டாள். வந்து உட்கார நாற்பது நிமிடம் ஆனது. அந்தப் பொடி போக அவ்வளவு நேரம் தேய்க்க வேண்டுமாம்.

ஈரத் தலையோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா சொல்லிட்டாளா?"

"ம். நீ ஏன்டி எனக்குச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ போட்டோ போட்டப்ப நாங்க மூணு பேரும் செயா வீட்டுலதான் இருந்தோம். மூணு போனும் ஒண்ணா அடிச்சுச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன். பாக்காதன்னு சொல்றதுக்குள்ள அவளும் எடுத்துட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. போனக் கவுத்தி வச்சுட்டு அவ பாட்டுக்கு இருந்தா. எனக்குத்தான் ஒம்மேல அம்புட்டுக் கோவம். ஒனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு பேச்சி சொன்னா. டிவில, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, எப்படித் தெரியாமப் போகும்னு நான் சண்ட போட்டேன். பொறவு கோவம் போயிருச்சு. ஆனா அதுக்குள்ள நாளாயிருச்சு. என்னன்னு ஆரம்பிக்க?"

மூன்று பேரும் வேறு குரூப் தொடங்கிவிட்டதையும் அவளே சொன்னாள். மறைக்கவில்லை.

அன்று இரவு அவள் வீட்டிலேயே தங்கினேன். புதுப்பட்டியில் லாட்ஜ் எதுவும் என் கண்ணில் படவில்லை. தங்க வேண்டியவர்கள் சிவகாசியில் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்க்கலாம், எழுநூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஃபேக்டரிகளுக்கு விடுமுறை. ஜெயாவுக்கு இல்லை. அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஆடியிலிருந்து மார்கழி வரை காலண்டர் சீசன், ஞாயிறும் வேலை உண்டு. அம்மா இறந்த பிறகு பட்டாசுப் பக்கம் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். மாரிச்செல்வி என்னைக் கூட்டிப்போனாள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடும்போது கேட்டில் நின்றோம். ஜெயா வந்ததும், "நான் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்று செல்வி நகர்ந்துவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் போனாள்.

ஜெயா மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நாள்காட்டித் தாள்களைக் கட்டாக அடுக்கும்போது தேதி எதுவும் விட்டுப்போகாமல் பார்ப்பது அவள் வேலை. "கண்ணு போச்சு" என்று அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினாள். கம்பெனிச் சுவரை ஒட்டி வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு நேத்துத்தான்டி தெரியும்" என்றேன்.

"செல்வி காலையில போன் பண்ணிச் சொன்னா."

"அந்தப் போட்டோ..."

"அத விடு. அன்னிக்கு ஊரே வெடி போட்டுச்சு. எங்க தெருவுலயே போட்டாக, எங்க வீட்டத் தாண்டிப் போயி அந்தக் கடசில நின்னு போட்டாக. ஒன்னய மட்டும் என்ன சொல்ல?" ஒரு வாய் சாப்பிட்டாள். "ஆனா பொறவு நீ கூப்பிடுவன்னு நெனச்சேன். எதுக்கு யாரும் பேசலன்னு ஒரு தடவ கேப்பன்னு பாத்தேன்."

சொல்லாமல் ஊர் திரும்பினால் மனசு ஆறாது என்று தோன்றியதால் செய்தியைப் பார்த்ததையும் சொன்னேன். ஊர்ப்பக்கம் என்று தெரிந்தும் திறக்காமல் விட்டதைச் சொன்னேன். ஜெயா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"தெறந்து பாக்கவே இல்லையா?"

"இல்ல."

ஒரு லோடு ஆட்டோ காலண்டர் கட்டுகளோடு எங்களைத் தாண்டிப் போனது.

"தெறந்திருந்தாலும் ஒனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "முத்துலட்சுமின்னு பேரத் தப்பாப் போட்டிருந்தாக. வயசும் தப்பு. அப்பா அந்தப் பேப்பரக்கூட வச்சுக்கிடல."

என்னைத் தப்பிக்கவைக்கச் சொன்னாளா, அவள் மனதில் கிடந்ததைச் சொன்னாளா, தெரியவில்லை. முத்தம்மா அத்தையின் பெயர் அச்சிலும் சரியாக வரவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அங்கேயே அழுதேன். ஜெயா அழவில்லை. "சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள்.

ஒன்றே முக்காலுக்கு உள்ளே போக வேண்டும். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "எத்தன மணிக்கு டிரெயினு?" என்று கேட்டாள்.

"ஏழு பத்து. விருதுநகர்ல."

"அப்ப அஞ்சரைக்குள்ள பஸ் ஏறிரு" என்றாள். இரு என்று சொல்லவில்லை. வேலை எப்போது விடும் என்று வாசலில் கேட்டேன். ஆறு மணி என்றார்கள்.

மாரிச்செல்வி வந்ததும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். பிறகு ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். சூப்பர்வைசருக்குத் திங்கட்கிழமை வர முடியாது என்று செய்தி அனுப்பினேன். அவர் கோபமாக ஒரு பதில் போட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ குடித்தேன்.

ஆறு பத்துக்கு ஜெயா வெளியே வந்தாள். கூட வேலை பார்க்கும் நாலைந்து பெண்களோடு பேசிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"டிரெயினுக்குப் போகலையா?"

"நாளைக்குப் போறேன்."

"வீட்டுல தோசை மாவுதான் இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற பெண் என்னைக் காட்டி யார் என்று கேட்டதற்கு, "எங்கூடப் படிச்சவ. எங்க வீட்டுலதான் கெடப்பா" என்றாள்.

திருத்தங்கலில் அவர்கள் இருப்பது இரண்டு அறை வாடகை வீடு. சுவரில் முத்தம்மா அத்தையின் படம், ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் அவர் விறைப்பாக இருந்தார், நான் பார்த்த முகம் அது இல்லை. ஜெயாவின் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஒஞ்சடயப் பின்னிட்டுத்தான் வேனுக்கு ஓடுவா" என்றார். தோசை சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டோம், மறுநாள் அவளுக்கு வேலை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் திருத்தங்கல் நிறுத்தத்தில் எதிரெதிர்த் திசைப் பஸ்ஸுக்கு நின்றோம். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டேன். "அந்தக் குரூப்புல என்னயும் சேப்பீங்களா?"

ஜெயா யோசித்தாள். "அதுல என்ன பேசுறோம், வேன் லேட்டு, புள்ளைக்குக் காச்சல், இதுதான். குரூப்பு கெடக்கட்டும். நீ போன் பண்ணு. ஆறரைக்கு மேல பண்ணு." அவள் பஸ் முதலில் வந்தது.

நான் விருதுநகர், மதுரை வழியாகப் பகல் பஸ்களில் ஓசூர் வந்து சேர்ந்தேன். பதினோரு மணி நேரம், முதுகு விட்டுப்போகிறது. ரயில்தான் உத்தமம், ரத்து செய்யாதவர்களுக்கு.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெயில் தணிந்திருக்கும் கார்த்திகை, மார்கழி சுற்றிப் பார்க்க வசதி, ஆனால் காலண்டர் கம்பெனிகளில் அப்போது யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. பட்டாசு வாங்க மட்டும் வருகிறவர்கள் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் வந்தால் கூட்டம் குறைவு. ரயிலிலும் பஸ்ஸிலும் பட்டாசு கொண்டுபோக அனுமதி இல்லை, அதைச் சாமர்த்தியமாக மீறாதீர்கள். ஃபேக்டரிக்குள் சுற்றிப் பார்க்கக் கேட்காதீர்கள். ஞாயிறு ஒருநாள் கூடுதலாக இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கலாம், நான் போகவில்லை. பழைய நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைப் போடாமல் போங்கள்.

பேச்சியம்மாளுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பேசவில்லை. குரூப்பில் என்னைச் சேர்க்கவில்லை. ஞாயிறுதோறும் ஆறரைக்கு மேல் ஜெயாவைக் கூப்பிடுகிறேன். சில ஞாயிறு எடுக்கிறாள், பத்து நிமிடம் பேசுகிறோம். சில ஞாயிறு எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அடிக்கிறேன்.